பூமாரியின் முறை

அந்த வருடம் முழுவதையும் உலகம் குழந்தைகளுக்கென்று ஒதுக்கிவிட்டதாகப் பம்பாய்த் தலைமை அலுவலகத்திலிருந்து வெண்பாறை எஸ்டேட்டுக்குத் தகவல் வந்தது. வருடம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது. தகவல் மலையேறி வந்து சேர்வதற்குள் பிப்ரவரி பிறந்துவிட்டது. குழந்தைகளுக்குக் கிடைத்ததில் ஒரு மாதம் அப்படிப் போயிற்று. மிச்சத்தையாவது முறையாகச் செலவழிக்கவேண்டும் என்று எஸ்டேட் உடனே ஒரு கமிட்டி போட்டது.

சின்னக்கானலுக்கு மேலே, மேகம் வந்து உட்காரும் உயரத்தில் இருந்தது வெண்பாறை. மானேஜரை எல்லாரும் பெரிய துரை என்பார்கள். அவருக்கு அடுத்தவர் வெல்ஃபேர் ஆபீசர். கோட்டயம் பக்கத்துக்காரர்; அவர் தமிழில் மலையாளம் கலந்து வரும். தொழிலாளர்களின் நலனைப் பாதுகாப்பது அவர் வேலை. அந்த நலன் அவருடைய மேஜை இழுப்பறையில், பூட்டோடு பத்திரமாக இருந்தது.

கொழுந்து கிள்ளப் போகும் பெண்கள் காலையில் தங்கள் சிறு பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவதற்கு ஒரு தகரக் கூரைக் கட்டடம் உண்டு. பிள்ளைக் கொட்டகை என்று பெயர். அங்கே ஆயா சுருளியம்மாள். பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றி, மூக்குத் துடைத்து, தொட்டில் ஆட்டி, மாலையில் தாய்மார் வந்ததும் ஆளுக்கொன்றாகத் திருப்பிக் கொடுப்பாள். வாங்கிய கணக்கில் ஒன்று குறையாமல் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள், அதற்கு முந்தின வருடத்து ஆடி மழை வரைக்கும்.

கொட்டகைக்குப் பின்னால் மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய ஒரு சின்ன மைதானம் இருந்தது. ஓரத்தில் கல்கட்டுச் சுவர். சுவருக்குக் கீழே ஓடை. வெள்ளைக்காரன் காலத்து ஊஞ்சல் ஒன்று அந்தச் சுவரை ஒட்டி நின்றது. சுவர் பிதுங்கி வருகிறது என்று சுருளியம்மாள் இரண்டு மூன்று தடவை ஆபீசில் சொல்லியிருந்தாள். மழை விட்ட ஒரு மத்தியானம், அவள் உள்ளே கஞ்சி அளந்துகொண்டிருந்தபோது, சுவர் போயிற்று. ஊஞ்சலும் கூடவே போயிற்று. ஊஞ்சலில் இருந்த பூமாரியும் போனாள். கொழுந்து கிள்ளும் சாந்தம்மாளின் ஒரே பிள்ளை அவள். கீழே ஓடை திரும்புகிற இடத்தில், பொழுது சாயும் நேரத்தில்தான் எடுத்தார்கள்.

கம்பெனி விசாரணை நடத்தியது. ஆயாவை விசாரித்தால் அழுவாள், அழுதால் விசாரணையின் நடுநிலை கெடும் என்பதால் அவளை விசாரிக்கவில்லை. தாயையும் அப்படியே. மைதானம் அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தது என்றும், ஆகவே அங்கே எந்தக் குழந்தையும் இருந்திருக்க முடியாது என்றும், விழுந்தது சுவர் அல்ல, மண்தான், மழையில் மண் சரிவது இயற்கையின் சுபாவம் என்றும் முடிவு வந்தது. மைதானம் மூடப்பட்டதற்கான பலகையை விசாரணைக்கு முந்தின நாள் குருசாமிதான் கொண்டுவந்து மாட்டினார். அவர் எஸ்டேட் காவல்காரர்.

அந்த மைதானத்தைத்தான் இப்போது புதுப்பிக்கவேண்டும் என்று பம்பாய் சொல்லிற்று. கமிட்டியின் முதல் கூட்டத்திலேயே ஒரு சிக்கல் வந்தது. விழவே விழாத சுவரை எப்படித் திரும்பக் கட்டுவது?

“விழுந்ததுன்னு எழுதினா, ஏன் விழுந்ததுன்னு கேப்பாங்க” என்றார் பெரிய துரை.

வெல்ஃபேர் ஆபீசர் கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்தார். “சார், ரிப்பேர் வேண்டாம். அழகுபடுத்தல்னு எழுதுவோம். அழகுக்காக ஒரு சுவர்.”

அப்படியே தீர்மானமாயிற்று. பிறகு, குழந்தைகள் எப்படி விளையாடுவார்கள் என்று கமிட்டிக்கு ஒரு சந்தேகம் வந்தது. அங்கே இருந்தவர்களில் யாரும் சமீபத்தில் அதைப் பார்த்திருக்கவில்லை. சுருளியம்மாளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

“பிள்ளைக என்னா செய்யும்? விபரமா சொல்லணும்” என்றார் ஆபீசர்.

“ஓடுங்கய்யா.”

“எங்கேக்கு?”

“எங்கேயும் இல்லய்யா. சும்மா ஓடுங்க. அப்புறம் திரும்பி ஓடி வருங்க.”

கமிட்டி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. எந்தக் காரியமும் இல்லாமல் ஓடிவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே வருவதற்குக் கம்பெனி நிலம் எவ்வளவு கொடுப்பது என்று இஞ்சினியர் கேட்டார். எழுந்து போக அனுமதி கிடைத்தபோது, தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்றுதான் சுருளியம்மாளுக்குத் தோன்றிற்று.

வேலை ஜோராக நடந்தது. அழகுக்கான சுவர் எழும்பியது. சறுக்குமரம் ஒன்றும் இரும்புச் சங்கிலி போட்ட ஊஞ்சல் ஒன்றும் வந்து இறங்கின. துரைமார் கிளப்பிலிருந்து பத்தை பத்தையாகப் புல்லை வெட்டிக் கொண்டுவந்து பதித்தார்கள். ஊஞ்சலின் பலத்தைச் சோதிப்பதற்காக ஃபாக்டரியிலிருந்து தேயிலை மூட்டைகளைக் கொண்டுவந்து பலகையில் ஏற்றி, இரண்டு ஆட்கள் ஒரு நாள் முழுக்க ஆட்டினார்கள். கொட்டகை ஜன்னலில் முகங்களை வரிசையாக வைத்துப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தன.

பெரியம்மாள் என்று பெயர் வைத்திருந்த மூன்று வயதுக் குட்டி ஒன்று கேட்டது: “ஆயா, மூட்டை மட்டுந்தான் ஆடணுமா?”

“மூட்டை ஆடி முடிச்சிரட்டும் தாயி. அப்புறம் நீங்கதான்.”

ஆனால் மூட்டை ஆடி முடித்த அன்றே மைதானத்தைச் சுற்றி முள்கம்பி வந்தது. வாசலுக்கு இரும்புக் கதவு, பூட்டு. சாவி ஆபீசில். கதவின் மேல் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து: ‘குழந்தைகள் மகிழ்ச்சியாக விளையாடும் இடம். உள்ளே வரக்கூடாது.’

பம்பாயிலிருந்து டைரக்டர் ஆகஸ்டு பதினைந்தாம் தேதி வந்து திறப்பதாக ஏற்பாடு. திறப்பதற்கு முன் ஒரு கால் பட்டாலும் புல் நசுங்கும், பெயிண்ட் உதிரும். குழந்தைகளின் வருடத்தில் குழந்தைகளுக்காகச் செய்ததைக் குழந்தைகளிடமிருந்து காப்பாற்றுவது தன் முக்கியக் கடமை என்று வெல்ஃபேர் ஆபீசர் கருதினார். குருசாமியை அங்கேயே பகல் காவலுக்குப் போட்டார்.

ஜூலை மாதம். மழை விட்டு விட்டுப் பெய்தது. மத்தியானம் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்து மைதானத்தை மூடிக்கொள்ளும். அப்படி மூடிய ஒரு நேரத்தில் சுருளியம்மாள் கஞ்சிச் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தபோது சங்கிலி கிரீச்சிடும் சத்தம் கேட்டது. ஒரு முறை நீளமாக. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி. யாரோ காலை நீட்டி மடக்கி, தானே உந்தி ஆடுகிற மாதிரியான சத்தம்.

கொட்டகை அமைதியாகிவிட்டது. எப்போதும் அழுகிற கைப்பிள்ளைகூட அழவில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தன.

“யாரது அங்கன?” என்று சுருளியம்மாள் வாசலுக்கு வந்தாள். கம்பிக்கு அப்பால் புகை போல மேகம். இலைகூட அசையவில்லை. புது ஊஞ்சல் மட்டும் போய்வந்துகொண்டிருந்தது.

“பூமாரி ஆடுறா” என்றது பெரியம்மாள், கஞ்சிக் கிண்ணத்தைத் தேடிக்கொண்டே.

சுருளியம்மாள் திரும்பி அதைப் பார்த்தாள். பெரியம்மாள் கொட்டகைக்கு வந்தது பொங்கலுக்குப் பிறகு. பூமாரியை அது பார்த்ததே கிடையாது. அந்தப் பெயரை சுருளியம்மாள் ஒரு வருடமாக வாயால் சொன்னதும் கிடையாது.

அடுத்த நாளும் ஆடியது. அதற்கடுத்த நாளும். மேகம் ஏறினால் ஆடும், கலைந்தால் நின்றுவிடும். குருசாமி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆபீசுக்குப் போய்ச் சொன்னார்.

“உள்ள யாரும் வரலய்யா. ஆனா ஊஞ்சல் ஆடுது.”

“யாரும் வரலேங்கில் ஊஞ்சல் எப்படி ஆடும்?” என்றார் வெல்ஃபேர் ஆபீசர். “அப்போ யாரோ வருது. நீங்க தூங்குது. ஆரு அது?”

குருசாமி தலையைச் சொறிந்தார். “பிள்ளைக சொல்லுதுக... சாந்தம்மா மக பூமாரின்னு.”

வேறு ஓர் அலுவலகமாக இருந்தால் அங்கே ஒரு சிரிப்போ, ஒரு திட்டோ எழுந்திருக்கும். வெண்பாறையில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆபீசர் மிகுந்த கவலையோடு எழுந்து பெரிய துரையின் அறைக்குப் போனார். செத்துப்போன பிள்ளை என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

பெரிய துரை பைப்பை வாயிலிருந்து எடுத்தார். “அது யாரா இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை. அனுமதி வாங்கியிருக்காளா?”

“இல்ல சார்.”

“அப்போ எப்படி உள்ளே விட்டீங்க?”

அன்று மாலையே ஊஞ்சல் சங்கிலியைத் தூணோடு சேர்த்துக் கட்டிப் பூட்டு போட்டார்கள். மறுநாள் மேகம் ஏறியதும் கிரீச்சிடும் சத்தத்தோடு, ஒவ்வொரு தடவையும் பூட்டு தூணில் இடிக்கிற ‘டிங்’கும் சேர்ந்து கேட்டது. போய்ப் பார்த்தால் பூட்டு பூட்டியபடியே இருந்தது. பூட்டு தரமில்லை என்று முடிவு செய்து போடிநாயக்கனூரிலிருந்து பெரிய பூட்டாக ஒன்று வரவழைத்தார்கள். சத்தம் இன்னும் கொஞ்சம் கனமாகக் கேட்டது. அவ்வளவுதான்.

பிள்ளைகள் பழகிவிட்டன. கஞ்சி நேரத்தில் சத்தம் வந்தால் “பூமாரி வந்துட்டா” என்று சொல்லிவிட்டு ஊதி ஊதிக் குடித்தன. சுருளியம்மாளுக்குத்தான் பழகவில்லை. பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. சாந்தம்மாளிடம் சொல்வதா, வேண்டாமா? கீழ்க்காட்டில் நாள் முழுக்கக் குனிந்து கொழுந்து கிள்ளிவிட்டு, மாலையில் எல்லாத் தாய்மாரும் கொட்டகைப் பக்கம் திரும்பும்போது சாந்தம்மாள் மட்டும் நேராக லயத்து வீட்டுக்கு நடந்துவிடுவாள். அவளை நிறுத்தி எந்த வாயால் சொல்வது?

அந்தப் பொறுப்பை ஆபீஸ் ஏற்றுக்கொண்டது.

சாந்தம்மாளைக் காட்டிலிருந்து வரச்சொல்லி ஆள் போயிற்று. ஆயாவையும் காவல்காரரையும் சாட்சிக்கு நிறுத்தினார்கள். ரைட்டர் சுவக்கீன் குறிப்பெடுப்பதற்காக ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சாந்தம்மாள் இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கோடு, நனைந்து, உள்ளே வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். போன வருடம் சாவு லீவு வாங்க வந்ததற்குப் பிறகு அவள் அந்த அறைக்குள் வருவது இதுதான் முதல் தடவை.

“சாந்தம்மா, உங்க குட்டி அனுமதி இல்லாமெ கிரவுண்டுல வருது. ஊஞ்சல் ஆடுது” என்றார் ஆபீசர். “கம்பெனிக்கு இது வலிய பிரச்னம், கேட்டோ. கண்டிச்சு வைக்கணும்.”

சாந்தம்மாள் அவரைப் பார்த்தாள். பிறகு சுருளியம்மாளைப் பார்த்தாள். சுருளியம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு மெல்லத் தலையை ஆட்டினாள்.

வெளியே தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது.

“எந்நேரம் சார் வாரா?” என்று கேட்டாள் சாந்தம்மாள்.

ஆபீசர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். “மத்தியானம். மிஸ்ட் இறங்கும்போ.”

“என்ன சட்டை போட்டிருக்கா?”

ஆபீசர் குருசாமியைப் பார்த்தார். குருசாமி சாந்தம்மாள் பக்கம் திரும்பினார். “சட்டையெல்லாம் தெரியலத்தா. ஊஞ்சல் ஆடுறதுதான் தெரியுது.”

“மத்தியானம்னா பசியோட இருப்பா” என்றாள் சாந்தம்மாள், யாருக்கும் சொல்லாமல்.

“அதொண்ணும் இவிடெ விஷயமல்ல. குட்டியை வீட்டுல வைக்கவேண்டியது தாயோட சுமதல. பொறுப்பு. மனசிலாயோ?”

“வீட்டுக்கு வர மாட்டேங்குறாளே சார். ஒரு வருசமா கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன். வரல.” அவள் குரல் உயரவில்லை. “மத்தியானம் ஒரு மணி நேரம் என்னய விட்டீகன்னா, நானே மேல வந்து கூட்டிட்டுப் போயிருவேன்.”

இது நியாயமான யோசனையாக ஆபீசருக்குப் பட்டது. விதிகளைப் புரட்டிப் பார்த்தார். தொழிலாளிக்குக் காய்ச்சல் என்றால் லீவு உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் உண்டு. குடும்பத்தில் சாவு என்றால் உண்டு. அதை அவள் போன வருடமே எடுத்துவிட்டாள். செத்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதற்கு எதுவும் இல்லை.

“லீவு இல்ல” என்றார் உண்மையான வருத்தத்தோடு. “கொழுந்து கூடுதலா உள்ள சமயம் வேற.”

அப்போதுதான் சுருளியம்மாளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. “அய்யா, அவ நம்ம கொட்டகைப் பிள்ளைதானய்யா. எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்ட ஊஞ்சல்தான? ஆடிட்டுப் போறா.”

ஆபீசர் நிமிர்ந்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

“கொட்டகையில் எத்தனை வயசு வரைக்கும்?”

“ஆறு முடியுற வரைக்கும்ய்யா.”

“இந்தக் குட்டிக்கு எப்போ ஆறு?”

“ஐப்பசி மொத வாரத்துல” என்றாள் சாந்தம்மாள்.

ஆபீசர் விரல்விட்டு எண்ணினார். ஆகஸ்டில் திறந்தால் குட்டி தகுதியுள்ள பயனாளி, தடுக்க விதியில்லை. ஐப்பசி முதல் வாரம் கழிந்து திறந்தால் வயது கடந்தவள், விடுவதற்கு விதியில்லை. பிரச்னை தீர்ந்தது. திறப்பு விழாவை நவம்பர் பதினாலுக்குத் தள்ளிவைக்கும்படி அங்கேயே சொன்னார். குழந்தைகள் தினம் வேறு. பம்பாய்க்கும் பிடிக்கும்.

“அய்யா, செத்த பிள்ளைக்கு வயசு ஏறுமாய்யா?” என்று கேட்டாள் சுருளியம்மாள்.

“கம்பெனி கலண்டர் எல்லார்க்கும் ஒண்ணுதான்” என்றார் ஆபீசர்.

சாந்தம்மாள் போகத் திரும்பியவள் நின்றாள். “அப்ப அவ அங்கனதான் இருந்தா, இல்லையா சார்? சுவரு விழுந்தப்ப?”

ஆபீசர் உஷாரானார். “அது விசாரணையில தெளிஞ்சதாணு. போன வருஷம் குட்டி கிரவுண்டில் இல்ல. இந்த வருஷம்தான் உண்டு.”

சுவக்கீன் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவை மூடினார்.

வாசலில் சுருளியம்மாள் சாந்தம்மாளின் கையைப் பிடித்தாள். “ஒங்கிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியல தாயி.”

“அவ பயந்துபோயி ஆடுறாளாக்கா, சந்தோசமா ஆடுறாளா?”

சுருளியம்மாள் யோசித்துப் பார்த்தாள். “நிதானமா ஆடுறா. பாதியில எறங்குன்னு யாரும் சொல்லாத பிள்ளை மாதிரி.”

சாந்தம்மாள் தலையை ஆட்டிக்கொண்டு காட்டுக்கு இறங்கிப் போனாள். அன்றிலிருந்து மேகம் ஏறும் மத்தியானங்களில், கீழ்க்காட்டில் ஒரு தலை மட்டும் நிமிர்ந்து மேலே பார்ப்பதாகவும், கங்காணி சத்தம் போட்டால் குனிந்து, மறுபடி நிமிர்வதாகவும் பெண்கள் சொன்னார்கள்.

ஆகஸ்டு போயிற்று. செப்டம்பர், அக்டோபர் போயின. பிள்ளைகள் ஜன்னலிலேயே வளர்ந்தன. அவர்களில் இரண்டு மூன்று பேருக்கு ஆறு முடிந்து, சறுக்குமரத்தைத் தொடாமலே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். பூமாரிக்கு ஆறு முடிந்த மறுநாள் வெல்ஃபேர் ஆபீசர் நேரில் வந்து, கம்பிக்கு வெளியே நின்று, மேகத்தைப் பார்த்து, இனி உள்ளே வரக்கூடாது என்று நல்ல தமிழில் எடுத்துச் சொன்னார். சங்கிலி அவர் பேசி முடிக்கும்வரை நின்றது. அவர் திரும்பி நடந்ததும் தொடர்ந்தது.

நவம்பர் பதினாலு. முதல்நாள் ராத்திரி விடாமல் பெய்திருந்தது. காலையில் சாரல். பந்தல் போட்டு நாற்காலி வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஊஞ்சலின் பெரிய பூட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை கொடுத்து, புல்லை மிதிக்காமல் ஓரமாக இரண்டு வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். தாய்மாருக்கு அழைப்பில்லை. அவர்கள் சுவருக்குக் கீழே, சரிவில், கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் வெல்ஃபேர் ஆபீசர் பேசினார். “ஒன்பது மாத உழைப்பு. இந்தப் புல்லில் இன்றுவரை ஒரு குழந்தையின் கால்கூடப் படவில்லை என்பதை அபிமானத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.” கைதட்டல்.

பெரிய துரை பேசினார். “இந்த இடத்தில் இதுவரை ஒரு விபத்தும் நடந்தது கிடையாது. இனியும் அப்படியே நடக்கும்.” கைதட்டல்.

டைரக்டர் உயரமான, வெளுத்த, மரியாதை தெரிந்த மனிதர். அவர் இங்கிலீஷில் பேச, சுவக்கீன் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார்: “குழந்தைகள் கொழுந்து மாதிரியாம். இளசாக இருக்கும்போதே கவனிக்கவேண்டுமாம். கொழுந்தை எப்போது கிள்ளவேண்டும் என்று நம்ம கம்பெனிக்கு ரொம்ப காலமாகத் தெரியுமாம்.” சுவக்கீன் ஒரு கணம் நிறுத்தினார். தான் சரியாகத்தான் மொழிபெயர்த்தோமா என்று டைரக்டரின் முகத்தைப் பார்த்தார். டைரக்டர் திருப்தியாகத் தலையசைத்தார்.

பிறகு டைரக்டர் ரிப்பனை வெட்டினார். முதல் குழந்தையை ஊஞ்சலில் உட்கார்த்தித் தானே ஆட்டிவிடுவதாக ஏற்பாடு. சுருளியம்மாள் பெரியம்மாளை முன்னால் கொண்டுவந்தாள். அதே நேரத்தில் பள்ளத்திலிருந்து மேகம் ஏறிற்று. சுவரைத் தாண்டி, தரையோடு தரையாக வந்து, நாற்காலிக் கால்களை நனைத்துக்கொண்டு பந்தலுக்குள் புகுந்தது.

ரிப்பனின் இரண்டு துண்டுகளும் தொங்க, ஊஞ்சல் பின்னுக்குப் போயிற்று. முன்னுக்கு வந்தது. கிரீச்.

“உக்காரு தாயி” என்றாள் சுருளியம்மாள்.

பெரியம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டது. “பூமாரி ஆடுறா. அவ முறை.”

டைரக்டர் குனிந்து சுவக்கீனிடம் என்ன என்று கேட்டார். சுவக்கீன் நிமிர்ந்தார். பெரிய துரையைப் பார்த்தார். அவர் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல், வேறொரு குழந்தை ஆடிக்கொண்டிருக்கிறதாம், அதன் முறை முடியவில்லையாம் என்று சுவக்கீன் உள்ளது உள்ளபடி சொன்னார்.

டைரக்டரின் முகம் மலர்ந்தது. வரிசையில் நிற்கக் கற்றுக்கொள்ளாததுதான் இந்த நாட்டின் குறை என்றும், இந்தச் சின்னப் பெண்ணிடமிருந்து எல்லாரும் கற்றுக்கொள்ளவேண்டும் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு, கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடி ஊஞ்சலுக்கு முன்னால் காத்து நின்றார்.

டைரக்டர் நின்றதால் பெரிய துரை எழுந்து நின்றார். அவர் நின்றதால் ஆபீசரும் இஞ்சினியரும் எஸ்டேட் டாக்டரும் நின்றார்கள். பந்தல் முழுவதும் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, ஒரு பிள்ளை ஆடி முடிப்பதற்காகக் காத்திருந்தது. யாரும் இருமவில்லை. கிரீச். இடைவெளி. கிரீச். டைரக்டரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்தது. அவர் பலகையைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார், அசையாமல் இருந்த பந்தல் தோரணத்தைப் பார்த்தார்.

“வழக்கமாக எவ்வளவு நேரம் ஆடுவாள்?” என்று மெல்லிய குரலில் கேட்டார். சுவக்கீன் அதையும் மொழிபெயர்த்தார்.

“மேகம் கலையுற வரைக்கும் சார்” என்றார் வெல்ஃபேர் ஆபீசர். “வயசு கடந்துபோச்சு சார். சொல்லியாச்சு. கேக்கல.”

சரிவிலிருந்து கங்காணி யாரையோ கூப்பிட்டு அதட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தடவை கேட்டு நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் சாந்தம்மாள் படியேறி இரும்புக் கதவு வழியாக உள்ளே வந்தாள். தலையில் மழைக்குப் போர்த்திய கொங்காணி, இடுப்பில் படங்கு, முதுகில் பாதி நிறைந்த கூடை. நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்தாள். கூடையைப் புல்லில் இறக்கி வைத்தாள். யாரையும் பார்க்கவில்லை.

ஊஞ்சலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். உடனே தொடவில்லை. அது போய்வருவதை, போய்வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் இளகிக்கொண்டே வந்தது. சுருளியம்மாள் புடவை முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

“பூமாரி” என்றாள் சாந்தம்மாள். “போதும்மா. ரொம்ப நேரமா ஆடிட்ட. மத்த பிள்ளைகளும் ஆடணும்ல?”

ஊஞ்சலின் வேகம் குறைந்தது.

“அம்மா வந்துட்டேன்ல. நேரமாகித்தான் போச்சு. வா, வீட்டுக்குப் போவோம்.”

அவள் கையை நீட்டிச் சங்கிலியைப் பிடித்தாள். ஊஞ்சல் நின்றது. குனிந்தாள். இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கினாள். தூக்கும்போது முழங்கால் லேசாக மடங்கி நிமிர்ந்தது. இடது இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டு, கொங்காணியின் ஒரு பக்கத்தை இழுத்துச் சாரல் படாமல் மூடினாள். மூடிய இடத்தில் கையை வைத்து ஒரு தடவை தட்டிக்கொடுத்தாள்.

திரும்பி நடந்தாள். எதிரில் டைரக்டர் நின்றார்; அவர் பின்னால் நகர்ந்து வழிவிட்டார். டாக்டர் நாற்காலியை இழுத்தார். வெல்ஃபேர் ஆபீசர் யாரும் சொல்லாமலே ஓடிப்போய் இரும்புக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார். கதவுக்கு அந்தப் பக்கம் லயத்துக்கு இறங்கும் கல்படிகள். மழையில் பாசி பிடித்திருந்தன. பெரிய துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவள் முதல் படியில் கால் வைத்தபோது அவர் வாயிலிருந்து தானாக வந்தது:

“பாத்துப் போம்மா. படி வழுக்கும். புள்ளையைக் கெட்டியாப் பிடிச்சுக்க.”

சொன்ன பிறகுதான் அதைத் தன் காதால் கேட்டார். எல்லாரும் கேட்டார்கள்.

சாந்தம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. வலது பக்கம் சற்றுச் சாய்ந்து, ஒவ்வொரு படியாக, பாரம் சுமக்கிறவளின் நிதானத்தோடு மேகத்துக்குள் இறங்கிப் போனாள்.

அதன் பிறகு என்ன செய்யவேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் எதுவும் இல்லை. டைரக்டர் கத்தரிக்கோலை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார். சுருளியம்மாள் அவரைக் கேட்கவில்லை, ஆபீசரைக் கேட்கவில்லை. பெரியம்மாளை இரண்டு கையாலும் தூக்கிப் பலகையில் உட்காரவைத்தாள். மற்ற பிள்ளைகள் ஏற்கனவே வரிசையை விட்டுவிட்டுப் புல்லில் ஓட ஆரம்பித்திருந்தன. சாரல் நனைத்து எல்லாமே சொட்டிக்கொண்டிருந்தது. சங்கிலி, பந்தல், நாற்காலிகள், துரையின் தொப்பி.

“ஆயா” என்றது பெரியம்மாள், பலகையை உள்ளங்கையால் தடவிப் பார்த்து. “இங்கன சூடா இருக்கு.”

“இருக்கும் தாயி” என்றாள் சுருளியம்மாள். “கெட்டியாப் பிடிச்சுக்க.”

முதுகில் கை வைத்து மெல்ல ஆட்டிவிட்டாள்.